எட்டு புள்ளி மூன்று மூன்று சதவீதம்

செங்கல்பட்டில் ‘தேசியப் போதைப் போக்குக் கண்காணிப்பு மற்றும் கொள்கை உருவாக்க மையம், கடலோரப் பிரிவு’ எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. “நாலு ஏசி போட்டுகினு, ஆளே இல்லாம ஒரு ஆபீசு கீதே” என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விடுவார். வாசலில் பெயர்ப்பலகை உண்டு. பெயர் நீளமானது என்பதால் பலகையில் ‘மற்றும்’ வரைக்கும்தான் இடம் இருந்தது. மீதியை எழுத இன்னொரு பலகை கேட்டுத் தில்லிக்கு எழுதியிருக்கிறார்கள்.

வாசுதேவன் அங்கே போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் டிரிப்பை முடித்துவிட்டு. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஊழியர்களை ஏற்றி இறக்கும் ஒப்பந்த பஸ்ஸை இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறவர். இதுவரை ஒரு நாயின் வால்மேல்கூடச் சக்கரத்தை ஏற்றியதில்லை. அவருடைய ஒரே மகன் ஹேமந்துக்கு இருபத்துமூன்று வயது. ஒன்றரை வருஷமாக வலி மாத்திரைக்கு அடிமை. விழுங்குவதில் ஆரம்பித்து ஊசிக்கு வந்துவிட்டான். தனியார் இல்லம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே கொடுத்த சிகிச்சை அடி. முதுகில் தழும்போடு வீடு திரும்பியவன் அன்று சாயங்காலமே மாத்திரை தேடிப் போனான்.

‘போதை’ என்று பலகை மாட்டிக்கொண்டு ஒரு அலுவலகம் இருந்தால், போதையிலிருந்து யாரையாவது மீட்பதற்காகத்தான் இருக்கும் என்று வாசுதேவன் நினைத்துவிட்டார். எட்டாம் வகுப்புதான் படித்தவர், பாவம்.

கள ஆய்வு அலுவலர் பிரபாவதி விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“உட்காருங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க. காபி சொல்லட்டுமா?”

எந்த அலுவலகத்திலும் வாசுதேவனை யாரும் உட்காரச் சொன்னதில்லை. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தார். நடந்தது வேறு. மாவட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வீதம் தேர்ந்தெடுத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது மையத்தின் விதி. பதினொரு பேர் கிடைத்துவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆளை ஏன் இன்னும் பிடிக்கவில்லை என்று தில்லியிலிருந்து எட்டு மாதமாக நினைவூட்டல் வந்துகொண்டிருந்தது.

“மாவட்டத்துல போதை ஏறுதா இறங்குதான்னு இந்தப் பன்னண்டு பேரை வெச்சுத்தான் சார் கண்டுபிடிக்கறோம். உங்க பையன் ஒருத்தர் ரெண்டு லட்சம் பேருக்குச் சமம்” என்றார் பிரபாவதி.

“வூட்ல அவனை ஒரு ஆளாவே யாரும் மதிக்கறதில்ல மேடம்” என்றார் வாசுதேவன்.

கம்ப்யூட்டரில் படிவம் திறந்தது. என்ன பொருள் உபயோகிக்கிறார் என்பது முதல் கேள்வி. அபின் இருந்தது, கஞ்சா இருந்தது, கொக்கைன் இருந்தது. பந்தயக் குதிரைகளுக்கான ஊக்கமருந்துகூட இருந்தது. வலி மாத்திரை இல்லை. கடைசியில் ‘மற்றவை’ என்று ஒன்று உண்டு. அதை அழுத்தினால் நாற்பது பக்கத்துக்கு இன்னொரு படிவம் திறக்கும். ஆகவே அந்த அலுவலகத்தில் யாரும் அதை அழுத்துவதில்லை.

“மாத்திரை வலியைக் குறைக்குது. அபினும் வலியைக் குறைக்கும். கிட்டத்தட்ட ஒண்ணுதான்” என்று பிரபாவதி அபினை அழுத்தினார். முந்தைய பதினொரு பேருக்கும் அப்படித்தான் அழுத்தியிருந்தார்.

“அபினா? அத்த அவன் கண்ணால பாத்ததுகூட இல்லியே மேடம்.”

“இது புள்ளிவிவரம் சார். நீங்க உணர்ச்சிவசப்படாதீங்க.”

பிறகு ஒரு உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். ஆய்வு முடியும்வரை, அதாவது மூன்று வருஷத்துக்கு, மேற்படி நபர் எங்கும் சிகிச்சை பெறமாட்டார். மீறினால் மேல் நடவடிக்கை. வாசுதேவன் அதைப் படிக்கவில்லை. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தவர் நீட்டுகிற காகிதத்தை யார் படிக்கிறார்கள்? ‘12’ என்று அச்சடித்த அட்டை ஒன்றையும் கொடுத்தார்கள். அதில் பெயர் கிடையாது, படம் கிடையாது. மையத்தின் பதிவேடு எதிலும் யார் பெயரும் கிடையாது, எண்ணும் விலாசமும் மட்டும்தான். தனியுரிமை என்றார் பிரபாவதி. ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை பெற்றோர் வந்து, ‘தொடர்கிறார்’, ‘நிறுத்திவிட்டார்’ என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பன்னிரண்டாவது ஆள் கிடைத்ததால் அறிக்கை தில்லிக்குப் போயிற்று. செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் போதைப் பழக்கம் உள்ளவர்களில் நூறு சதவீதம் பேர் அபின் உபயோகிக்கிறார்கள் என்று தெரிந்ததும் தலைநகரம் பதறியது. உடனே ஒரு குழு விமானத்தில் வந்து இறங்கியது. கோவளத்திலிருந்து தெற்கே சவுக்குத் தோப்புகளின் மேல் அபின் வயல் தேடி டிரோன் விட்டார்கள். இரண்டு காதல் ஜோடிகளும் நிறைய ஆடுகளும் அகப்பட்டன. கல்பாக்கத்தின் மேல் மட்டும் டிரோன் பறக்க அனுமதி கிடைக்கவில்லை. எனவே அபின் அங்கேதான் விளைய வேண்டும் என்று குழு முடிவு செய்தது.

அந்தக் குழுவில் ஒருவர் நன்றாகப் படித்தவர். அபின் கிடைக்கிற அதே செடியின் விதைதான் கசகசா என்பதை அவர் எடுத்துச் சொன்னார். மறுநாள் காலை கூடுவாஞ்சேரியில் பன்னீர்செல்வத்தின் மளிகைக் கடைக்கு முன்னால் மூன்று ஜீப் வந்து நின்றது. நாலரைக் கிலோ கசகசா பிடிபட்டது.

“குருமாவுக்கு சார்” என்றார் பன்னீர்செல்வம், கையைக் கட்டிக்கொண்டு.

“எல்லாரும் முதல்ல அப்படித்தான் ஆரம்பிப்பாங்க” என்றார் அதிகாரி.

கசகசாவை மேசைமேல் பரப்பி, பின்னால் பதினான்கு பேர் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை விற்கிறவன் தன் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். படிவத்துக்குத்தான் தெரியாது.

இதற்கிடையில் புதுப்பட்டினத்து வீட்டில் ஹேமந்த் நாற்பத்தொரு கிலோவுக்கு வந்திருந்தான். முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதே இல்லை. ஒருநாள் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வழிமறித்து உட்கார்ந்துகொண்டான். உடம்பு நடுங்கியது.

“என்னால முடில நைனா. எங்கனா சேத்துவுட்டுடு. இப்டியே போனா நான் செத்துடுவேன்.”

அவன் தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. வாசுதேவன் அன்று இருபத்தாறு வருஷத்தில் இல்லாத அதிசயமாக விடுப்பு சொல்லிவிட்டு, உறுதிமொழிப் பத்திரத்தின் நகலைத் தேடி எடுத்துப் படித்தார். மேல் நடவடிக்கை என்றால் பையன்மேல் கேஸ் என்று புரிந்துகொண்டார். நேராக மையத்துக்குப் போய் இயக்குநரைப் பார்த்தார்.

இயக்குநர் கோபாலகிருஷ்ணன் எரிந்துவிழுகிறவர் அல்ல. பொறுமையாக விளக்குகிறவர். அதுதான் ஆபத்து.

“மிஸ்டர் வாசுதேவன், தெர்மாமீட்டருக்கு யாராவது ஜுர மாத்திரை கொடுப்பாங்களா?”

“குடுக்கமாட்டாங்கோ சார்.”

“உங்க பையன் தெர்மாமீட்டர். அவனுக்கு வைத்தியம் பண்ணிக் குணமாயிட்டான்னு வெச்சுக்குங்க. ரெண்டு லட்சம் பேர் ஒரே ராத்திரில குணமான மாதிரி காட்டும். அது உண்மையா? நான் தேசத்துக்குப் பொய்க் கணக்கு சொல்லணுங்கறீங்களா?”

தேசத்துக்குப் பொய் சொல்லும் எண்ணம் வாசுதேவனுக்கு இல்லை. இருந்தாலும் ஜன்னல் வழியே பின்பக்கம் தெரிந்த புதுக் கட்டடத்தைப் பார்த்தார். ‘முன்மாதிரி மறுவாழ்வு இல்லம்’ என்று அதில் முழுதாகவே எழுதியிருந்தது.

“பின்னாடி பன்னண்டு கட்டிலு போட்டு வெச்சிகினு கீறீங்களே சார். டாக்டரம்மாகூட கீறாங்கோ. அதுல ஒண்ணு...”

“அது நிறுத்தினவங்களுக்கு மட்டும். உபயோகிக்கறவங்களைச் சேர்த்தா வெற்றி விகிதம் என்னத்துக்கு ஆகும்? ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு தோல்வி கிடையாது.”

“எத்தினி பேரு சேந்தாங்கோ சார்?”

“ஒருத்தரும் சேரலை. அதைத்தானே சொல்றேன், ஒரு தோல்வி கிடையாதுன்னு.”

வாசுதேவன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவந்தபின் தான் எதற்காகக் கும்பிட்டோம் என்று யோசித்தார்.

அடுத்த முதல் செவ்வாய்க்கிழமை வரிசையில் அவருக்கு முன்னால் ஜெபா நின்றிருந்தாள். மாமல்லபுரத்துக் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறவள். அவள் மகன் பெஞ்சமின்தான் ஏழாம் எண். அவனுக்கும் அதே மாத்திரை, அதே ஊசி. மாதாமாதம் கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிப்பார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசமாட்டார்கள். பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று பேசுவார்கள்.

“எண் ஏழு. தொடர்கிறாரா?” என்றார் பிரபாவதி, நிமிராமல்.

“வியாயக்கெயம பூட்டான் மேடம்.”

“எங்க போயிட்டாரு?”

பிரபாவதி நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் திரையைப் பார்த்தார். இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. மூன்றாவது ஒன்று எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினார். இயக்குநருக்குப் போன் போட்டு மெதுவாகப் பேசினார். “இப்ப உபயோகிக்கறாரா இல்லையா, அதைச் சொல்லுங்க” என்று உள்ளேயிருந்து வந்த குரல் வரிசைக்கே கேட்டது. பிரபாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘நிறுத்திவிட்டார்’ கட்டத்தை அழுத்தினார்.

“வேற கட்டம் இல்லம்மா.”

“அப்ப இனிமே நான் வர வேணாமா மேடம்?” என்று கேட்டாள் ஜெபா.

அன்றைக்கு இருவரும் டீ குடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து மாமல்லபுரத்தில் தேசியப் போதைக் கொள்கைக் கலந்தாய்வு மாநாடு நடந்தது. கடலோரப் போதையைப் பற்றிக் கடலைப் பார்த்தபடி பேசினால்தான் கொள்கை சரியாக உருவாகும் என்பதால் ரிசார்ட்டில் ஏற்பாடு. பிரதிநிதிகளை விமான நிலையத்திலிருந்து கூட்டிவர வாசுதேவனின் பஸ்ஸை அமர்த்தியிருந்தார்கள். இறக்கிவிட்டபின், அரங்கில் பின்வரிசை காலியாக இருந்தால் படத்தில் நன்றாக இருக்காது என்று டிரைவர்களையும் உள்ளே உட்காரவைத்தார்கள். அது ஜெபா வேலை பார்க்கும் ரிசார்ட்டுதான். சீருடையில், தண்ணீர் பாட்டில் தட்டோடு சுவரோரமாக நின்றிருந்தாள்.

கோபாலகிருஷ்ணன் மைக் முன்னால் வந்தார்.

“மாண்புமிக்கவர்களே, பல மாவட்டங்களில் போதையை ஒழிக்கிறோம் என்கிறார்கள். நாங்கள் அந்த அவசரத்தில் இறங்கவில்லை. நாங்கள் அளந்தோம். அளந்துகொண்டே இருந்தோம். எதிலும் தலையிடாமல் அளந்தோம். அதன் பலனை இன்று பார்க்கிறீர்கள்.”

திரையில் ஒரு சிவப்புக் கோடு சமமாக வந்து, கடைசியில் சட்டென்று கீழே இறங்கியது.

“ஒரே மாதத்தில் எட்டு புள்ளி மூன்று மூன்று சதவீத வீழ்ச்சி! சுமார் இரண்டு லட்சம் பேர் நிறுத்திவிட்டார்கள். இதற்குக் காரணம் எங்கள் கசகசா நடவடிக்கை என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. வாசுதேவனுக்குச் சதவீதம் தெரியாது. ஆனால் பன்னிரண்டு பேரில் ஒருவர் என்பது தெரியும். அந்த ஒருவரின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்து போனவர் அவர். சுவரோரமாகப் பார்த்தார். ரிசார்ட் சூப்பர்வைசர் ஊழியர்களைப் பார்த்துத் தட்டச் சொல்லிச் சைகை காட்டினார். ஜெபா காலித் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினாள், பிறகு பாட்டில் எடுத்துவர வெளியே போனாள்.

“மீதி பதினொரு எண்கள் இருக்கின்றன” என்றார் கோபாலகிருஷ்ணன், குரல் தழுதழுக்க. “2030-க்குள் அந்தப் பதினொன்றும் ஏழாம் எண்ணின் வழியில் போய்ச் சேரும். இது என் வாக்குறுதி.”

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். வாசுதேவனுக்கு உடனே வீட்டுக்குப் போய்ப் பையன் மூச்சு விடுகிறானா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. மதியச் சாப்பாட்டில் கசகசா இல்லாத குருமா பரிமாறினார்கள். கொள்கையை முதலில் நாமே கடைப்பிடிக்க வேண்டும் என்று ஒரு பிரதிநிதி சொல்லிவிட்டு இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.

வாசுதேவன் பஸ் படியில் உட்கார்ந்திருந்தபோது ஜெபா வந்தாள்.

“இன்னாத்துக்கு அண்ணாத்த அவ்ளோ கை தட்னாங்கோ? சூப்பர்வைசரு தட்டுன்னாரு, நானும் தட்டிட்டேன்.”

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு வாய் வரவில்லை.

“பெஞ்சமினுக்குத்தாம்மா.”

ஜெபா கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். “நேத்து வந்துச்சு. படிச்சேன், ஒண்ணும் புரியல.”

அது மையத்தின் பாராட்டுக் கடிதம். ‘எண் 7 தமது பழக்கத்தை உறுதியுடன் நிறுத்திவிட்டமைக்கு மனமார்ந்த வாழ்த்துகள். அன்னார் நமது முன்மாதிரி மறுவாழ்வு இல்லத்தில் முப்பது நாட்கள் தங்கத் தகுதி பெறுகிறார். எண் அட்டையுடன் நேரில் வரவும்.’ வாசுதேவன் அதை மெதுவாகப் படித்து அர்த்தம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“எம்புள்ளைக்கு இப்பதான் கட்டிலு குடுக்கறாங்களா?” என்றாள் ஜெபா. அவள் அழவில்லை. பர்சிலிருந்து ஏழாம் எண் அட்டையை எடுத்து அவர் கையில் திணித்தாள். “ஹேமந்த இட்டுகினு போ அண்ணாத்த. பேரு கேக்கமாட்டாங்கோ. நம்பர் தான் கேப்பாங்கோ. நாளைக்கே போ.”

மறுநாள் காலை அந்த இல்லத்தின் டாக்டர் சங்கரி இரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரு நோயாளியைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். நடுங்குகிறவனின் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பார்த்தார்.

“ஏழாம் எண். நிறுத்தியாச்சுன்னு போட்டிருக்கு.”

வாசுதேவன் தரையைப் பார்த்தார்.

“இது நிறுத்தின கை இல்லையே” என்றார் டாக்டர். ஜன்னல் வழியே அலுவலகத்தை ஒரு பார்வை பார்த்தார். “சரி, கதவைச் சாத்திட்டு வாங்க. தம்பி, அந்தக் கட்டில்ல படு. அடிக்கல்லாம் மாட்டேன், பயப்படாதே.”

முதல் வாரம் ஹேமந்த் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அப்பாவையும் டாக்டரையும் வாய்க்கு வந்தபடி திட்டினான், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினான். பக்கத்திலேயே டாக்டர் இருந்தார், நேரத்துக்கு மருந்து கொடுத்தார். இருபதாம் நாள் இரண்டாவது தோசை கேட்டான். வாசுதேவன் அந்த மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை போய், பன்னிரண்டாம் எண் தொடர்கிறார் என்று கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் அவர் எழுதிக் கொடுத்த ஒரே பொய் அதுதான்.

ஆனால் டாக்டர் சங்கரியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. உள்ளதை எழுதுவார். மாத அறிக்கையில், ‘எண் 7: வலி மாத்திரை ஊசிப் பழக்கம். சிகிச்சையில் நல்ல முன்னேற்றம்’ என்று எழுதி, ‘மற்றவை’யை அழுத்தினார். நாற்பது பக்கமும் திறந்தது. இரண்டு வருஷமாகச் சும்மா இருந்தவர் ஆயிற்றே, நாற்பதையும் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டார்.

மையம் ஆடிப்போயிற்று. நிறுத்திய ஏழு மறுபடி வந்துவிட்டால் சிவப்புக் கோடு ஏறிவிடும். மாநாடு நடந்திருக்கிறது, கை தட்டியிருக்கிறார்கள், தீர்மானமாகிக் கொள்கையும் அச்சுக்குப் போய்விட்டது. பொய் அறிக்கை கொடுத்ததற்காக டாக்டரை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். கட்டிலில் இருப்பவன் யார் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் தனியுரிமை கெட்டுவிடும். முப்பது நாள் முடிந்து ஹேமந்த் நடந்தே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வீடு போய்ச் சேர்ந்தான்.

ஏழாம் எண்ணின் பாதுகாவலருக்கு நோட்டீஸ் போயிற்று. ஜெபா அதை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினத்துக்கு வந்தாள். ‘தங்கள் மகன் பழக்கத்தை நிறுத்திவிட்டதாகத் தாங்கள் தெரிவித்திருந்தீர்கள். ஆனால் அவர் முப்பது நாட்கள் எமது இல்லத்தில் இருந்து மூன்று வேளையும் உணவு உட்கொண்டது பதிவாகியுள்ளது. நிறுத்தியவர் மீண்டும் வந்தது ஏன்? ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’

“எய்தறதுக்கு ஆளு வோணும் அண்ணாத்த” என்றாள்.

ஹேமந்த் பேனாவை எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். அவன் கை இப்போது நடுங்கவில்லை. ஜெபா சொல்லச் சொல்ல அப்படியே எழுதினான்.

“ஐயா, எம்புள்ள திரும்பி வந்துட்டான்னு எய்திக்கீறீங்கோ. மூணு வேள சோறு போட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸ். ஏன் வந்தான்னு கேட்டா எனுக்கு இன்னா தெரியும்? எங்கூட பேசாம உங்கூட்டுக்கு வந்துக்கீறான். இப்ப எங்க கீறான்னு மட்டும் சொல்லுங்கோ. நான் வந்து இட்டுகினு போய்டறேன்.”

அங்கே அவள் குரல் உடைந்தது. ஹேமந்தும் எழுதுவதை நிறுத்திவிட்டு அழுதான். பிறகு கீழே ‘எண் 7’ என்று போட்டவன், அதை அடித்துவிட்டு ‘இப்படிக்கு, பெஞ்சமினின் அம்மா ஜெபா’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினான்.

பத்து நாளில் அந்தக் கடிதம் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ‘தனியுரிமை விதியின்படி, பெயர் குறிப்பிட்ட விளக்கங்கள் ஏற்கப்படுவதில்லை. மகனின் பெயரை நீக்கிவிட்டு மீண்டும் அனுப்பவும்.’

வாசுதேவன் அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். ஜெபா கடிதத்தை வாங்கி, அந்தப் பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“பேரையும் எட்த்துட்டா எங்கைல வேற இன்னா அண்ணாத்த கீது?” என்றாள்.